தென்னாப்பிரிக்காவில் அரசு வழக்கறிஞர் தேர்வு: விளம்பரத்திலிருந்து நேர்முகம் வரை

நான் முதன்முதலில் எழுதிய தேர்வில் கடைசிக் கேள்வி அரைப் பக்கம்தான் இருந்தது. குடித்துவிட்டு வந்த கணவன் அடித்திருக்கிறான். மனைவி காய் நறுக்கும் கத்தியால் அவன் தோளில் குத்தியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது, எதையும் கண்ணால் பார்க்கவில்லை. வழக்குத் தொடர்வீர்களா, எந்தக் குற்றச்சாட்டில், போலீஸிடம் இன்னும் என்ன கேட்பீர்கள்? இவ்வளவுதான் கேள்வி. தற்காப்பு பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன். தொடர்வேனா மாட்டேனா என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த வருடம் எனக்கு அழைப்பு வரவில்லை.

அடுத்த தடவை தேறினேன். இப்போது சனிக்கிழமைகளில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து, அந்த மூன்று பக்கத்தில் நான் விட்ட இடத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தத் தேர்வு முக்கியமாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: போலீஸின் வழக்குக் கோப்பான டாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்தால் உங்களால் முடிவெடுக்க முடியுமா? கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தத் திறமையை நோக்கித்தான் போகின்றன. மூன்று மாதம் கையில் இருந்தால் நிதானமாகச் செய்யலாம்.

படி 1: எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே குற்ற வழக்குகளை நடத்துவது தேசிய வழக்குத்தொடர்வு ஆணையம். எல்லோரும் என்.பி.ஏ. என்றுதான் சொல்வோம். அரசியல் சட்டத்தின் 179ஆம் பிரிவு அதற்கு உயிர் கொடுத்தது, 1998ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டம் உடம்பு கொடுத்தது. புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கு உள்ளே போகும் முக்கிய வாசல் அவர்களுடைய பயிற்சி ப்ராசிக்யூட்டர், அதாவது பயிற்சி அரசு வழக்கறிஞர் திட்டம். 12 மாத ஒப்பந்தம், சம்பளம் உண்டு, கீழ் நீதிமன்றத்தில் ஒரு அனுபவசாலியின் மேற்பார்வையில் வேலை கற்றுக்கொள்ளலாம். முடித்தபின் மாவட்ட நீதிமன்ற ப்ராசிக்யூட்டர் பதவிக்குப் போட்டியிடலாம்.

எல்.எல்.பி. பட்டமும் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையும் அடிப்படைத் தேவைகள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சட்டம் படித்துவிட்டு இங்கே குடியேறியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். முதலில் குடியுரிமை, அப்புறம் சாக்வா என்னும் தகுதிகள் ஆணையத்திடம் பட்டத்தை மதிப்பிட்டு வாங்கிய சான்று. இந்த இரண்டும் கைக்கு வராமல் படிப்பில் இறங்காதீர்கள், சான்று வர நாளாகும்.

மற்றபடி விளம்பரம் என்ன சொல்கிறதோ அதுதான் வேதம். எத்தனை இடம், எந்த நகரம், எழுத்துத் தேர்வா, நேர்முகம் மட்டுமா, எந்த முகவரிக்கு அனுப்புவது, எல்லாம் அதில் இருக்கும். அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

படி 2: ஸெட் 83 படிவம்

அரசு வேலைக்கான விண்ணப்பப் படிவம் இது. சட்டம் கரைத்துக் குடித்த பிள்ளைகள் இதில் தடுக்கி விழுவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்புங்கள். பொருந்தாத இடத்தில் பொருந்தாது என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். பதவியின் குறிப்பு எண்ணை விளம்பரத்தில் உள்ளபடியே எழுதுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். புதிய விதிப்படி பொதுவாக முதலில் படிவமும் தன்விவரமும் போதும், சான்றளித்த நகல்களைச் சுருக்கப்பட்டியலில் வந்தவர்களிடம்தான் கேட்பார்கள். ஆனாலும் நகல்களைத் தயாராக வையுங்கள். காவல் நிலையத்தில் இலவசமாகவே முத்திரை போட்டுத் தருவார்கள். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள், தாமதமாக வந்ததை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

படி 3: புத்தகத்துக்கு முன்னால் நீதிமன்றம்

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். நான் இதை முதலில் வைக்கிறேன்.

வயதுவராதோர் குற்றம் சாட்டப்பட்ட வழக்குகளையும் பாலியல் குற்ற வழக்குகளில் சிலவற்றையும் விட்டால், குற்றவியல் நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. டர்பன் மாஜிஸ்திரேட் நீதிமன்றமோ, சாட்ஸ்வொர்த்தோ, வெருளமோ, பக்கத்தில் இருப்பதற்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். நோட்டும் பேனாவும் போதும்.

திங்கட்கிழமை காலை போவது நல்லது. கைது செய்தவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. அந்த நேரம் வார இறுதியில் முடிந்தால் அடுத்த நீதிமன்ற நாள் வரை நீளும். அதனால் வெள்ளி இரவிலிருந்து பிடிபட்டவர்களெல்லாம் திங்கட்கிழமை வரிசையாக வருவார்கள். ப்ராசிக்யூட்டர் மேஜையில் டாக்கெட் குவிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம்தான் கிடைக்கும். அந்தச் சில நிமிடத்தில் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுகிறார், விசாரணை அதிகாரியிடம் திரும்பி என்ன கேட்கிறார், பிணைக்கு எதிர்ப்பா சம்மதமா என்பதை எப்படி ஒரு வரியில் சொல்கிறார் என்று பாருங்கள்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: குற்றச்சாட்டு என்ன, ப்ராசிக்யூட்டர் என்ன கேட்டார், மாஜிஸ்திரேட் என்ன உத்தரவு போட்டார். ஐந்து காலை உட்கார்ந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். அப்படிப் படித்தது மறக்காது.

சாட்ஸ்வொர்த் நீதிமன்றத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 2019இல் நாட்டின் தலைமை வழக்குத்தொடர்வு இயக்குநராகப் பொறுப்பேற்ற ஷமிலா பட்டோஹி, 1986இல் இளநிலை ப்ராசிக்யூட்டராகத் தொடங்கியது அதே நீதிமன்றத்தில்தான். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

படி 4: குற்றங்களை இரண்டு பத்தியில் எழுதுங்கள்

சட்டக் கல்லூரியில் குற்றத்தை வரையறையாகப் படித்திருப்பீர்கள். ப்ராசிக்யூட்டருக்கு அது பாதிதான். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் அந்தக் குற்றத்தின் கூறுகளையும் வலது பக்கம் அந்தக் கூறை எதைக் காட்டி நிரூபிப்பேன் என்பதையும் எழுதுங்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கை எடுப்போம். 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 65ஆம் பிரிவு. இடது பக்கம்: ஓட்டினார், பொதுச் சாலையில், மோட்டார் வாகனம், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.05 கிராமுக்குக் குறையாத மது. வலது பக்கம்: ஓட்டியதைப் பார்த்தது யார்? போலீஸ் வந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தால் ஸ்டியரிங்கில் இருந்தது அவர்தான் என்று யார் சொல்வார்? ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு? இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால் சட்டத்தின் அனுமானம் உங்களுக்குத் துணை நிற்கும், தாண்டியிருந்தால் நிற்காது. எடுத்த நர்ஸின் வாக்குமூலம் எங்கே? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 212ஆம் பிரிவுப்படி ஆய்வகம் தரும் உறுதிமொழிப் பத்திரம் வந்துவிட்டதா? முத்திரை எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா?

ஒரு எண் பொருந்தாமல் வழக்கு விழுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த வலது பத்தியின் அருமை தெரியும்.

இப்படி ஒரு இருபது குற்றங்களுக்குத் தாள் தயாரித்தால் போதும். கொலை, கவனக்குறைவால் உயிரிழப்பு, சாதாரணத் தாக்குதல், கொடுங்காயம் விளைவிக்கும் எண்ணத்தோடு தாக்குதல், திருட்டு, வழிப்பறி, வீடு உடைத்தல், மோசடி, சொத்துச் சேதம், 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டத்தின் கீழ் வரும் பாலியல் குற்றங்கள், போதைப்பொருள், உரிமம் இல்லாத துப்பாக்கி, குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவை மீறுதல். மாவட்ட நீதிமன்றத்தின் அன்றாடச் சோறு இவைதான்.

உள்நோக்கத்தின் வகைகளில் டோலஸ் இவென்ச்சுவாலிஸைத் தனியாகப் படியுங்கள். மரணம் நேரலாம் என்று மனத்தில் உண்மையாகவே கண்டார், கண்டபின் அதோடு சமாதானம் செய்துகொண்டு தொடர்ந்தார், இரண்டும் வேண்டும். 2013இல் ஹம்ஃப்ரீஸ் வழக்கில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி ரயில் பாதையைக் கடக்கும்போது ரயில் மோதிப் பிள்ளைகள் இறந்தார்கள். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டார், ஆனால் அதோடு சமாதானம் செய்துகொண்டதாக நிரூபணமில்லை என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலைத் தீர்ப்பை மாற்றியது. 2015இல், காதலியைச் சுட்டுக் கொன்ற ஓட்டப்பந்தய வீரர் பிஸ்டோரியஸின் வழக்கில் அதே நீதிமன்றம் எதிர்த்திசையில் போய்க் கொலை என்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்து வித்தியாசத்தை உங்கள் சொந்த வார்த்தையில் பத்து வரி எழுதிப் பாருங்கள். தீர்ப்புகள் சாஃப்லி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

படி 5: சான்றுச் சட்டம்

1894இல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்தி முதலில் செய்தது என்ன? ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதற்குப் பிறகுதான் அவரை நேரே மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போய் உறுதிமொழி வாக்குமூலத்தைக் கொடுத்தார். முதலாளிக்குச் சம்மன் போனது.

நம் பாட்டன்மார் கதையாக இதை எல்லோரும் கேட்டிருப்போம். பிள்ளைகளுக்கு நான் இதைச் சான்றுச் சட்டப் பாடமாகச் சொல்கிறேன். ரத்தம் காய்வதற்குள் மருத்துவச் சான்று, கையோடு வாக்குமூலம். இன்று அந்தச் சான்றிதழின் இடத்தில் இருப்பது ஜே 88 படிவம். தாக்குதல் டாக்கெட்டில் ஜே 88 இல்லையென்றால் முதல் கேள்வியே அதுதான்: ஏன் இல்லை, இன்னும் வாங்க முடியுமா?

தேர்வுக்கு வேண்டிய சான்றுச் சட்டம் பெரிதல்ல, ஆனால் கூர்மையாகத் தெரிந்திருக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 208ஆம் பிரிவின்படி ஒரே சாட்சியை வைத்தும் தண்டிக்கலாம், ஆனால் நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தை எச்சரிக்கையோடு எடைபோடும். அடையாளம் காட்டும் சாட்சிக்கு 1972இன் ம்தெத்வா வழக்கு: வெளிச்சம், தூரம், பார்த்த நேரம், முன்பின் தெரிந்தவரா. சூழ்நிலைச் சான்றுக்கு 1939இன் ப்ளோம் வழக்கு: நீங்கள் எடுக்கும் ஊகம் நிரூபணமான எல்லா உண்மைகளோடும் பொருந்த வேண்டும், அந்த உண்மைகள் வேறெந்த நியாயமான ஊகத்துக்கும் இடம் தரக்கூடாது. ஒப்புதல் வாக்குமூலத்துக்கு 217ஆம் பிரிவு. பிறர் சொல்லக் கேட்ட சான்றுக்கு 1988ஆம் ஆண்டின் 45ஆம் எண் சட்டத்தின் 3ஆம் பிரிவு. உரிமையை மீறி எடுத்த சான்றை விலக்க அரசியல் சட்டத்தின் 35(5).

படி 6: நடைமுறைச் சட்டத்தை ஒரு வழக்கின் பயணமாகப் படியுங்கள்

1977ஆம் ஆண்டின் 51ஆம் எண் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து வரிசையாக மனப்பாடம் செய்தால் பாதியில் சோர்ந்துவிடுவீர்கள். கைதில் தொடங்கித் தண்டனையில் முடியும் பாதையாகப் படியுங்கள்.

பிணை பெரிய நிறுத்தம். 60(11)(அ) ஆறாம் அட்டவணைக் குற்றங்களுக்கு: விதிவிலக்கான சூழ்நிலை இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் காட்ட வேண்டும். 60(11)(ஆ) ஐந்தாம் அட்டவணைக்கு: நீதியின் நலன் தன் விடுதலையை அனுமதிக்கிறது என்று அவர் காட்ட வேண்டும். மற்றவற்றில் 60(4)இன் காரணங்களை அரசுதான் எடுத்துவைக்க வேண்டும். குற்றத்தைப் பார்த்தவுடன் எந்த அட்டவணை என்று சொல்லப் பழகுங்கள்.

பிணையின் கனம் புரிய வேண்டுமானால் 2001இன் கார்மிக்கல் வழக்கைப் படியுங்கள். பாலியல் தாக்குதல் வழக்கில் பிடிபட்ட ஒருவன், அவனுடைய பழைய வரலாறு நீதிமன்றத்தின் முன் வைக்கப்படாமலே விடுவிக்கப்பட்டான். பிறகு அவன் ஒரு பெண்ணைக் கொடூரமாகத் தாக்கினான். போலீஸுக்கும் ப்ராசிக்யூட்டருக்கும் அந்தப் பெண்ணுக்கான கடமை உண்டா என்று அரசியல் சட்ட நீதிமன்றம் பொதுச் சட்டத்தையே வளர்த்துப் பார்க்கச் சொன்னது. நேர்முகத்தில் பிணை பற்றிக் கேட்டால் இந்த வழக்கை மனத்தில் வைத்துப் பதில் சொல்லுங்கள். ஒரு வரி குறிப்பை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

அடுத்த நிறுத்தம் வாதுரை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்று சொல்லும் இடம். 112ஆம் பிரிவில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், மாஜிஸ்திரேட் கேள்வி கேட்கும்போது, "அவன்தான் முதலில் என்னை அடித்தான்" என்கிறார். இப்போது என்ன? 113ஆம் பிரிவின்படி குற்றமில்லை என்ற வாதுரை பதியப்படும், நீங்கள் வழக்கை நிரூபிக்க வேண்டும். சாட்சிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தால் தவிப்பீர்கள். இது தேர்வுக்காரர்களுக்குப் பிடித்த இடம்.

6ஆம் பிரிவின் இரண்டு பாதியையும் குழப்பாதீர்கள். 6(அ): வாதுரைக்கு முன் திரும்பப் பெறுவது, பிறகு மறுபடியும் தொடரலாம். 6(ஆ): வாதுரைக்குப் பின் நிறுத்துவது, அதற்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆகிவிடுவார்.

105அ சமரச ஒப்பந்தம், 174 அரசுத் தரப்பு முடிவில் விடுதலை, 204 உடந்தைச் சாட்சி, 170அ குழந்தைச் சாட்சிக்கு இடையாளர், 342அ தாமதம் ஆகியவற்றை ஆளுக்கு அரைப் பக்கம் எழுதி வைத்தால் போதும். நீதிமன்ற வரம்பை விரல்நுனியில் வையுங்கள்: மாவட்ட நீதிமன்றம் பொதுவாக 3 ஆண்டு சிறை அல்லது 1,20,000 ராண்ட் அபராதம் வரை, வட்டார நீதிமன்றம் 15 ஆண்டு அல்லது 6,00,000 ராண்ட் வரை. கொலையும் வல்லுறவும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகாது. தண்டனைக்கு 1969இன் சின் வழக்கு தந்த மூன்று கால்கள், அதாவது குற்றம், குற்றவாளி, சமூகத்தின் நலன். குறைந்தபட்சத் தண்டனைக்கு 1997ஆம் ஆண்டின் 105ஆம் எண் சட்டமும் 2001இன் மால்காஸ் வழக்கும். சிறார் நீதிச் சட்டத்தில் குற்றப் பொறுப்பு வயது 10இலிருந்து 12 ஆகிவிட்டது, பழைய குறிப்பை வைத்துப் படிக்கிறவர்கள் கவனியுங்கள்.

படி 7: ஒரு டாக்கெட்டை உடைத்துப் பார்ப்போம்

சனிக்கிழமை வகுப்புக்காக நானே எழுதிய கற்பனை டாக்கெட் இது. தாளை எடுத்து என்னோடு சேர்ந்து எழுதுங்கள்.

ஜூன் மாத வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் பச்சை மிளகாய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவரின் மணிக்கட்டை முறுக்கி, கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு இளைஞன் ஓடிவிட்டான். அக்காவின் வாக்குமூலம்: "சிவப்பு ஜாக்கெட். பார்த்தால் அடையாளம் சொல்வேன். கை வீங்கிவிட்டது." மூன்று வாரம் கழித்து டாக்சி நிறுத்தத்தில் 19 வயதுப் பையனிடம் அந்த ஃபோன் கிடைக்கிறது. "400 ராண்டுக்கு ஒருத்தனிடம் வாங்கினேன்" என்கிறான், ஒரு பெயரும் சொல்கிறான். ஃபோன் பெட்டியில் உள்ள அடையாள எண் பொருந்துகிறது. காவல் நிலையத்தில் அக்காவை அழைத்து அந்தப் பையனைக் காட்டியிருக்கிறார்கள், அவர் "இவன்தான்" என்றிருக்கிறார்.

முதலில், குற்றம் என்ன? திருட்டா, வழிப்பறியா? மணிக்கட்டை முறுக்கியதால்தான் ஃபோன் கைவிட்டது. வன்முறைக்கும் பறிப்புக்கும் தொடர்பு இருக்கிறது, ஆகவே வழிப்பறி. வெறுமனே வெடுக்கென்று பிடுங்கினாலும் எதிர்ப்பைத் தடுக்கும் எண்ணம் இருந்தால் வழிப்பறிதான் என்பதற்கு 1981இன் சித்தோலே வழக்கு இருக்கிறது. ஜே 88 இல்லை. வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்திருக்கும், இனி அது கிடைக்காது. வீக்கத்தைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் இருப்பாரே, அவருடைய வாக்குமூலம் வேண்டும்.

இரண்டாவது, அவன்தானா? இங்கேதான் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். ஜூன் மாதத்தில் டர்பனில் ஐந்தே முக்காலுக்கு இருட்டு. எந்த விளக்கு எரிந்தது, எவ்வளவு தூரம், எத்தனை நொடி? வாக்குமூலத்தில் ஒரு சொல் இல்லை. அடையாள அணிவகுப்பு நடத்தாமல் ஒற்றை ஆளைக் காட்டி "இவனா?" என்று கேட்டது அந்த அடையாளத்தின் மதிப்பையே கெடுத்துவிட்டது. ஃபோன் கைவசம் இருந்ததை வைத்து நிரூபிக்கலாமா? திருடுபோன பொருள் கொஞ்ச நாளுக்குள் ஒருவர் கையில் இருந்தால் எடுத்தது அவர்தான் என்று ஊகிக்கலாம் என்பது அண்மை உடைமைக் கோட்பாடு, அதற்கு 1984இன் ஸ்க்வெயியா வழக்கு: பொருள் எவ்வளவு எளிதாகக் கை மாறும் என்று பார்க்க வேண்டும். ஃபோன் ஒரு மத்தியானத்தில் நாலு கை மாறும். மூன்று வாரம் அண்மை ஆகாது.

மூன்றாவது, மாற்றுக் குற்றச்சாட்டு. 1955ஆம் ஆண்டின் 62ஆம் எண் சட்டத்தில், திருட்டுப் பொருளை வைத்திருப்பது, வாங்குவது பற்றிய 36, 37 பிரிவுகள். பெட்டியில்லை, சார்ஜர் இல்லை, 400 ராண்ட் விலை. விற்றவனுக்கு விற்க உரிமை இருந்தது என்று நம்ப அவனுக்கு நியாயமான காரணம் இருந்ததா? 37ஆம் பிரிவு இங்கே உயிரோடு இருக்கிறது.

நான்காவது, என்ன கேட்பீர்கள்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவின் கீழ் அந்த ஃபோனின் பதிவுகள். பறிபோன நாளிலிருந்து அதில் எந்தெந்த சிம் கார்டு இருந்தது? அன்று மத்தியானமே அந்தப் பையனின் சிம் உள்ளே போயிருந்தால் அவன் சொன்ன கதை சாய்ந்துவிடும். இரண்டு வாரம் வேறொருவருடைய சிம் இருந்திருந்தால், நாம் தவறான ஆளைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தோம் என்று தெரியும். அவன் பெயர் சொன்ன அந்த விற்பனையாளனைப் போலீஸ் தேடியதா?

முடிவு: வழிப்பறிக்கு இன்றைய நிலையில் வெற்றிக்கான நியாயமான வாய்ப்பு இல்லை. வழக்கை இன்று பட்டியலில் சேர்க்க மாட்டேன். இன்னின்ன வேலையை இன்ன தேதிக்குள் முடிக்கும்படி டாக்கெட்டின் புலனாய்வுக் குறிப்பில் எழுதித் திருப்பி அனுப்புவேன். பதிவுகள் வந்தபின் வழிப்பறியா 37ஆம் பிரிவா என்று மறுபடி பார்ப்பேன்.

இந்த வரியைத்தான் அந்த முதல் தேர்வில் நான் எழுதாமல் விட்டேன். உங்கள் முடிவோடு தேர்வுக்காரர் உடன்படாமல் போகலாம், காரணம் சொல்லியிருந்தால் மதிப்பெண் உண்டு. முடிவே இல்லாத தாளுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

வாரத்துக்கு இரண்டு டாக்கெட் இப்படி உடையுங்கள். நண்பர்கள் ஒருவருக்கொருவர் கற்பனை டாக்கெட் எழுதிக் கொடுங்கள். ஓட்டையுள்ள டாக்கெட்டை எழுதத் தெரிந்தவருக்கு ஓட்டையைக் கண்டுபிடிக்கவும் தெரியும்.

படி 8: கடிகாரத்தை வைத்து எழுதுங்கள்

தேர்வு ஆங்கிலத்தில்தான். வீட்டில் தமிழிலோ கலந்தோ யோசிப்பவர்கள் யோசியுங்கள், எழுதுவதை ஆங்கிலத்திலேயே பழகுங்கள். குற்றச்சாட்டு வரைவதைக் கையால் எழுதிப் பழகுவது அவசியம்: தேதி, இடம், யார், யாருக்கு எதிராக, என்ன செயல், சட்டவிரோதமாகவும் வேண்டுமென்றும் என்ற சொற்கள், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். "வேண்டுமென்றும்" என்ற சொல்லை விட்டால் ஒரு கூறே விட்டுப்போகிறது.

நேரத்தை மதிப்பெண்ணுக்கு ஏற்றபடி பிரியுங்கள். பிரிவு எண் ஞாபகம் வராவிட்டால் கொள்கையை எழுதிவிட்டு நகருங்கள்.

படி 9: நேர்முகம்

வழக்குத்தொடர்வுக் கொள்கையையும் ப்ராசிக்யூட்டர்களுக்கான நடத்தை விதிகளையும் இரண்டு தடவையாவது முழுக்க வாசித்துவிட்டுப் போங்கள். அச்சமோ சலுகையோ பாரபட்சமோ இன்றி என்ற 179(4)இன் சொற்களை ஒப்பிக்க எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொற்களை ஒரு சூழ்நிலையில் வைத்துக் கேட்பார்கள்.

உங்கள் மாமா மகன் மேலேயே டாக்கெட் வந்தால்? இது நம் ஊரில் நிஜமாகவே வரும் கேள்வி. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கோயில் கமிட்டி, காவடிக் கூட்டம், கல்யாணம் என்று எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். பதில்: டாக்கெட்டைப் பிரிக்காமல் உடனே மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்து ஒப்படைப்பேன், வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டேன். பெரியம்மா ஃபோனில் கெஞ்சினாலும் அதே பதில்தான்.

இன்னொன்று, கட்டாயம் தயாராகுங்கள்: அடிபட்ட மனைவி வந்து, "கேஸ் வேண்டாம்மா, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்கிறார். நிறையப் பேர், "அவர் விருப்பம், வாபஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். சிலர், "சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்று விறைப்பாகச் சொல்கிறார்கள். இரண்டும் போதாது. வழக்கு அரசுடையது, முடிவு உங்களுடையது, அந்தப் பெண்ணின் சொல்லுக்கும் அதில் இடம் உண்டு. ஆகவே முதலில் அவரைத் தனியறையில் உட்கார வையுங்கள். கணவனோ மாமியாரோ வெளியே காத்திருந்தால் அதைக் கவனியுங்கள். யாராவது மிரட்டினார்களா, வீட்டுச் செலவுக்கு யார் பணம் தருகிறார்கள், பிள்ளைகள் எங்கே, இதற்கு முன் எத்தனை தடவை என்று மெதுவாகக் கேளுங்கள். குடும்ப மானம் என்று சொல்லி அவர் வாயை யாரோ அடைத்திருக்கலாம். 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும் என்று சொல்லுங்கள். அவர் காரணத்தை வாக்குமூலமாக எழுதி வாங்குங்கள். அப்புறம் ஜே 88, பக்கத்து வீட்டார், முந்தைய புகார்கள் எல்லாம் பார்த்து, அவர் சாட்சி சொல்லாமலே நிரூபிக்க முடியுமா, நிரூபித்தால் அவருக்குப் பாதுகாப்பு கூடுமா குறையுமா என்று எடைபோட்டு முடிவெடுங்கள். இந்தப் பதிலை உண்மையாக யோசித்துச் சொல்பவரைக் குழு மறக்காது.

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான வாக்குமூலம் டாக்கெட்டில் இருந்தால்? எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும், 1995இன் ஷபலாலா வழக்குக்குப் பிறகு டாக்கெட்டை மூடி வைத்துக்கொள்ளும் காலம் போய்விட்டது.

குரலைப் பழக்குங்கள். கண்ணாடி முன் நின்று மூன்று நிமிடத்தில் ஒரு பிணை எதிர்ப்பு வாதத்தைச் சொல்லிப் பாருங்கள், பிறகு யாராவது ஒருவர் முன்னால் சொல்லுங்கள். டர்பன் பக்கம் சாட்சிகளில் பெரும்பாலோர் சூலு பேசுவார்கள், கேள்வி மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் போகும். ஒரு கேள்வியில் ஒரே உண்மையைக் கேட்கும் பழக்கம் இருந்தால் அவருக்கும் எளிது, பதிவும் தெளிவாக இருக்கும். சூலு தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

படி 10: காத்திருக்கும் காலம்

நேர்முகத்துக்குப் பின் குற்றப் பதிவு, பட்டம், குடியுரிமை எல்லாம் சரிபார்ப்பார்கள். பாதுகாப்பு அனுமதியும் உண்டு. சின்ன வயதில் ஒரு அபராதம் கட்டியிருந்தாலும் கேட்ட இடத்தில் எழுதிவிடுங்கள். பழைய தவறைவிட அதை மறைத்ததுதான் பெரிய தடையாகும்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை திங்கட்கிழமைக் காலைகளை விடாதீர்கள். சட்ட உதவி மையத்தில் தன்னார்வமாக வேலை கிடைத்தால் சேருங்கள், எதிர்மேஜை டாக்கெட்டை எப்படி வாசிக்கிறது என்று தெரியவரும். நான் முதல் தடவை தவறியபின் ஒரு வருடம் அதைத்தான் செய்தேன். அடுத்த தேர்வில் கடைசிக் கேள்விக்கு வந்ததும், மற்ற எதையும் எழுதுவதற்கு முன்னால், தொடர்வேன் என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அதன் கீழ் ஏன் என்று எழுத ஆரம்பித்தேன்.